மாப்பிள்ளையை டைப் அடிக்கச் சொன்னேன்

பெண் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறவர்கள், மீதிப் பேர் இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள். தொண்ணூறுகளில் இதுதான் என் கொள்கை.

என் தங்கை உமாவைப் பார்க்க ஆதம்பாக்கத்திலிருந்து ஸ்ரீதர் என்ற பையன், அம்மாவோடு எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஓட்டுகிற புரோகிராம் எழுதுகிறானாம். அதை இன்ஸ்டால் செய்து ஓடவைக்க ஒரே ஒரு வரி டைப் அடித்தால் போதுமாம். அந்த வசதியும் இவன் செய்ததாம். (எத்தனை 'ஆம்' பாருங்கள்!) "விளையாட்டுக்கெல்லாமா சம்பளம் தரா?" என்று அப்பா என் காதைக் கடித்தார்.

உமாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது.

ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸில் நாலு மாதம் போனவன் என்பதால் குடும்பத்தில் நான்தான் நிபுணர். தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று கூடத்தில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. உமா பாடி முடித்து உள்ளே போனதும் துணியை விலக்கினேன்.

"எங்காத்துப் பொண்ணு பாடிட்டா. இப்ப உங்க பையன் இதுல ஏதாவது போட்டுக் காட்டட்டும்!"

அவன் அம்மாவின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. அவனோ சட்டைப் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பித் தகட்டை எடுத்தான். பெண் பார்க்க வருகிறவன் பையில் ஃப்ளாப்பி எதற்கு? ஆசாமி தயாராக வந்திருக்கிறான்!

போட்டான். ஒரு வரி அடித்தான். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. படமும் இல்லை, பாட்டும் இல்லை.

"என்ன நடக்கறது?" என்றேன்.

"இன்ஸ்டால் ஆயிண்டிருக்கு சார். கொஞ்சம் பொறுங்கோ."

"வெறும் புள்ளிதானே வரது?"

"அப்படித்தான் சார் வரும்."

(காது குத்துகிறான்!) கையும் களவுமாகப் பிடிக்கும் வேகத்தில், ஃப்ளாப்பி செருகிய இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதை வெடுக்கென்று உருவினேன். கம்ப்யூட்டர் 'கர்ர்ர்' என்று உறுமிவிட்டு அப்படியே நின்றுபோனது. அணைத்துப் போட்டு, திரும்பச் செருகினால், ஃப்ளாப்பியைப் படிக்கவே முடியவில்லை என்றது.

ஸ்ரீதரின் முகம் சுண்டிப்போயிற்று. "ராப்பகலா பண்ணினது சார்... பரவாயில்லை, ஆபீஸ்ல இன்னொரு காப்பி இருக்கு."

பொய் சொல்கிறவன் முகம் அப்படிச் சுண்டாது.

அவன் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "கிளம்பலாம்டா. நம்பாத ஆத்துல நமக்கென்ன வேலை?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது, யாரும் கூப்பிடாமலே உமா கூடத்தைத் தாண்டி வந்தாள்.

"அதுல என்ன விளையாட்டு இருந்தது?" என்று ஸ்ரீதரைக் கேட்டாள்.

"ஆட்டோ ஓட்டறது. அடையாறுலேர்ந்து மயிலாப்பூர் வரைக்கும். வழியெல்லாம் மாடு குறுக்க வரும்."

உமா சிரித்துவிட்டாள். பிறகு அவன் அம்மாவிடம் நேராகவே சொன்னாள். "மாமி, எனக்குச் சம்மதம். அண்ணாவைக் கம்ப்யூட்டர் பக்கமே விடமாட்டேன், அதுக்கு நான் பொறுப்பு."

மாமி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

அந்த விளையாட்டை ஸ்ரீதர் இன்றுவரை எனக்குக் காட்டவில்லை. (ஆகவே சந்தேகம் அப்படியே இருக்கிறது.) அன்றிலிருந்து, குடும்பத்தில் யாரைப் பெண் பார்க்க வந்தாலும் என்னைக் காய்கறி வாங்க மாட வீதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமையும் கையில் பையைக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று பார்க்க வந்தது என் பெண்ணை.