ஏறினால் இறங்க முடியாத கார்

பேக்கரி வாசலில் காரை நிறுத்தி ஒன்பது நிமிஷம் ஆகிவிட்டது. மெர்வின் டாய்ல் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்க மனமில்லாமல் அல்ல, முடியாமல்.

கார் வந்து அன்றைக்கு மூன்றாவது நாள். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரையை மடக்கி வைத்துக்கொள்ளலாம். பத்தொன்பது வயசான வண்டி. பெண்டிகோ நகரத்தில் ஒரு பல் டாக்டர் தனக்கு இடுப்பு வலி என்று சொல்லி விற்றார். அந்தக் காரணத்தை மெர்வின் அன்றே கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

ஏறுவது சுலபம். கதவைத் திறந்து பின்பக்கமாக விழுந்தால் போதும். இறங்கத்தான் வித்தை தெரிய வேண்டும். இருக்கைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். மெர்வினுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருஷம் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு. முதல் நாள் கராஜில் நாலு காலில் தவழ்ந்துதான் வெளியே வந்தார். மனைவி கோரல் அதைப் பார்த்தாள். துணி காயப்போடப் போய்விட்டாள்.

மற்ற அனுபவங்களும் அப்படித்தான் இருந்தன. கோதுமை லாரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரம் காதோடு பேசியது. கூரையைத் திறந்தால் ஈ வாய்க்குள் போனது. எங்கள் ஊர்ப் பக்கம் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம், அதுதான் வணக்கம். மெர்வினும் மூன்று நாளாகத் தூக்கிப் பார்த்தார். உயரமான பிக்கப் வண்டிகளில் வருகிறவர்களுக்கு அவ்வளவு கீழே ஒரு விரல் இருப்பதே தெரியவில்லை. நாற்பது வருஷப் பழக்கக்காரர்கள் நேரே பார்த்துக்கொண்டு போனார்கள்.

இது அவரை ரொம்பவே உறுத்தியது. காரணம், இன்னும் மூன்று வாரத்தில் பவுல்ஸ் கிளப் தேர்தல். புல்தரையில் பந்து உருட்டும் கிளப்புதான், நாற்பத்துமூன்று பேர்தான் உறுப்பினர்கள். இருந்தாலும் அதன் தலைவர் நாற்காலியில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது மெர்வினின் ஆசை. நாலு தடவை நின்று நாலு தடவையும் ரெக்ஸ் கோட்ஸிடம் தோற்றார். போன வருஷம் மூன்றே ஓட்டில். அப்படிப்பட்ட நேரத்தில், பேக்கரி வரிசையில் நிற்கும் ஆறு ஓட்டுக்கு முன்னால் சிவப்புக் காரிலிருந்து தவழ்ந்து வர முடியுமா? அதனால் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருமில்லாத முனையோடு பேசிக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரி நோலின்தான் கிளப்பின் செயலாளரும். நாக்கில் பாவம் புண்ணியம் பார்க்காதவள். அவளே வெளியே வந்தாள். குனிந்து, இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பலகாரம் ஒன்றை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"நீ இறங்காதே மெர்வ். நானே கொண்டு வந்துட்டேன்."

மெர்வின் ஆச்சரியப்பட்டுப் போனார். நோலின் தன் சொந்த அம்மாவையே வரிசையில் நிற்க வைத்தவள். பழசானாலும் ஸ்போர்ட்ஸ் கார் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று முடிவு செய்துகொண்டார்.

ஆனாலும் இறங்காமலே எத்தனை நாள் ஓட்டுவது? ஊரை இரண்டு சுற்றுச் சுற்றியதில் ஓர் இடம் கிடைத்தது. மருத்துவ மையத்தின் வாசலை ஒட்டி, நோயாளிகள் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி ஒன்று போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால் டிரைவர் கதவுக்கு நேராகக் கம்பி. இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு எடுத்துத் தொங்கினால் உடம்பு தானாக எழுந்துவிடும். அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கேதான் நிறுத்தினார். எதிரே அஞ்சலகம், பக்கத்தில் பால் கடை. இறங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகு நிமிரும்வரை கொஞ்ச நேரம் நிற்பார்.

அதற்கப்புறம் ஊர் அவரைத் தாங்கியது. கதவு திறந்துவிட்டார்கள். கிளப்பில் பந்துப் பையைத் தூக்கி வந்தார்கள். ரெக்ஸ் கோட்ஸ் முதல் உருட்டலை விட்டுக்கொடுத்தார். முக்கியமாக, அந்தக் காரைப் பற்றி யாரும் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. எங்கள் ஊரில் பிறந்த குழந்தையைக்கூடக் கிண்டல் செய்துதான் தூக்குவோம். ஒருவரைச் சும்மா விட்டுவிட்டோம் என்றால் விஷயம் பெரிசு. மெர்வினுக்கு அது உறைத்திருக்க வேண்டும். ஓட்டுக் கணக்கில் இருந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது வாரம், சாக்ஸ் தேடி சலவை அறைக்குள் போனார். அலமாரியின் மேல்தட்டில், கழுவித் துடைத்த அலுமினியத் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தார். பதினொன்று. துணிக்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கும் கால் ஒடிந்த வீட்டுக்கும் நாங்கள் கண்ணாடித் தட்டில் சமைத்துக் கொண்டுபோய் வாசலில் வைப்போம். தட்டின் அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருக்கும், ஏனென்றால் தட்டு திரும்பி வர வேண்டும். பிழைக்காத கேஸ் என்றால் மட்டும் அலுமினியத் தட்டு. திருப்பித் தர வேண்டியதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். தனக்கு ஒன்றும் இல்லை என்று மெர்வினுக்குத் தெரியும். அப்படியானால் கோரல். இரண்டு வாரமாகத் தினமும் ராத்திரி விதவிதமாகச் சாப்பிட்டதும், அவள் சமைத்ததாக ஒருநாளும் சொல்லாததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் சாகப்போகிறாள், தான் கார் வாங்கி விளையாடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததும் மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கோரல் கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ரெக்ஸ் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை தான் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று சொன்னார். மெர்வினுக்குத் தேர்தல் மறந்தே போயிருந்தது.

"கோரலுக்கு என்னடா ரெக்ஸ்? மறைக்காம சொல்லு."

"கோரலுக்கு என்ன? அவ கல்லு மாதிரி இருக்கா. உனக்குத்தானேடா."

"எனக்கா?" என்றார் மெர்வின். அப்பாடா என்றிருந்தது. தான்தான் சாகப்போகிறோம் என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை ரெக்ஸ் அதுவரை பார்த்ததில்லை.

சந்தோஷம் அடங்கியதும் மெர்வின் விஷயத்தை விளக்கினார். நோயும் இல்லை, நொடியும் இல்லை, மருத்துவ மையத்துக் கம்பியைப் பிடித்தால் இறங்க வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். ரெக்ஸ் அவர் தோளில் கை வைத்தார். கம்பியைப் பிடிக்காமல் இறங்க முடியவில்லை என்பது ஊருக்கே தெரியும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, தன் அப்பாவும் கடைசிவரை ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார் என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே போனார்.

கடையிலிருந்து வந்த கோரலிடம் தட்டுகளைக் காட்டிக் கேட்டார். ஊரில் நல்லவர்கள் நிறைய என்று சொல்லி அவள் உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். தன் மனசு நோகக் கூடாது என்று மறைத்திருக்கிறாள், பாவம் என்று மெர்வின் நினைத்துக்கொண்டார்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், எழுத்தில் காட்டுவோம் என்று மறுநாள் டாக்டரிடம் போனார். டாக்டர் அம்மா ஒரு மணி நேரம் சோதித்தாள். கொஞ்சம் ரத்த அழுத்தம், இடுப்பில் பிடிப்பு, வேறொன்றும் இல்லை என்று எழுதி, பெரிய பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தாள். உறையை நெஞ்சோடு அணைத்து, கம்பியைப் பிடித்து, மெர்வின் மெல்லக் காருக்குள் இறங்கினார். எதிரே அஞ்சலகத்தில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் உறை விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. அதைப் பேக்கரிக்குக் கொண்டுபோய் நோலினிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் மெர்வ். அது உனக்கும் கோரலுக்கும் உள்ள விஷயம்."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்து, ஓடிக் காட்டலாம் என்று தோன்றியது. சனிக்கிழமை கால்பந்து மைதானத்தில் பாதி ஊர் கூடியிருந்தபோது, மெர்வின் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். முக்கால் சுற்றில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்தக் காரின் கூரையைப் போல மடங்கி எல்லைக்கோட்டருகே விழுந்தார். ரெக்ஸ்தான் தன் பிக்கப்பில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது அலுமினியத் தட்டு வந்தது. ஒன்றில் முழு ஆட்டுத் தொடை.

தேர்தல் கூட்டத்துக்கு நாற்பத்துமூன்று பேரும் வந்திருந்தார்கள். இருபது வருஷத்தில் நடக்காத அதிசயம். நோலின் கொடுத்த நிகழ்ச்சி நிரலில், ஐந்தாவதாக, மெர்வின் டாய்ல் நினைவுக் கோப்பை என்று இருந்தது. நினைவு என்ற சொல்லை அவசரமாகப் பேனாவால் அடித்திருந்தார்கள்.

வேறு யாரும் போட்டியிடவில்லை. ரெக்ஸ் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். மெர்வின் உயிரோடு இருக்கும்வரை அவரே தலைவர், நடுவில் தேர்தல் கிடையாது. நாற்பத்திரண்டு கை உயர்ந்தது. மெர்வினின் அப்பா தொண்ணூற்று நான்கு வயதுவரை இருந்தவர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மெர்வினுக்கு வந்தது. எத்தனை வருஷம் ஏங்கிய நாற்காலி, கண்ணெதிரே இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் அழுதுகொண்டிருக்கும் நாற்பத்திரண்டு பேரை ஏமாற்ற மனசு வரவில்லை. எழுந்தார்.

"கேளுங்க. நான் சாகப்போறதில்ல. எனக்கு ஒரு வியாதியும் இல்ல. அந்தக் கார்லேர்ந்து என்னால இறங்க முடியல, அவ்வளவுதான். இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல? வேணும்னா மறுபடி ஓட்டுப் போடுங்க."

ரெக்ஸ்தான் முதலில் எழுந்து கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். இவ்வளவு மனத்திடம் யாருக்கு வரும் என்று நோலின் கண்ணைத் துடைத்தாள். உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று மெர்வின் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி நல்ல உயரமாக, எழுந்திருக்கச் சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. கோரல் ஆட்டுத் தொடையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். தலைவரானதைச் சொன்னார். சொல்லச் சொல்லச் சந்தோஷம் போய்க் கோபம் வந்தது. இன்னும் முப்பது வருஷம் உயிரோடு இருந்தால் ஊர் தன்னை மோசக்காரன் என்றல்லவா சொல்லும்? திங்கட்கிழமையே காரை விற்றுவிடப் போவதாகவும், அதற்கு முன் இந்தப் புரளியைக் கிளப்பிவிட்டது யார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கப் போவதாகவும் சொல்லி, மேஜையைத் தட்டினார்.

கோரல் அவர் தட்டில் இரண்டு துண்டு வைத்து, குழம்பை ஊற்றினாள்.

"வீடு வீடாப் போக வேண்டாம், நான்தான் சொன்னேன். கார் வந்த அன்னிக்கே முடி வெட்டற கடையில கேட்டாளுங்க, மெர்வ் எதுக்கு ரெண்டு சீட்டு கார் வாங்கியிருக்கான்னு. இந்த வயசுல ஒருத்தன் அப்படி வாங்கினா ஒண்ணு சாகப்போறான், இல்லேன்னா எவளையாவது கூட்டிக்கிட்டு ஓடப்போறான்; ரெண்டாவதுக்கு யாரும் சாப்பாடு கொண்டு வர மாட்டாங்க."