கிளியின் வக்கீல்

பூனை வக்கீல் என்று ஓர் இனம் உண்டு. கறுப்புக் கோட்டு வேண்டாம், படிப்பு வேண்டாம். வீட்டில் ஒரு பூனை இருந்தால் போதும், நாளைக் காலையிலேயே நீங்களும் தொழிலைத் தொடங்கிவிடலாம். முற்றத்தில் இறகு சிதறிக் கிடக்கும், வாசற்படியில் ஒற்றைக் கால் கிடக்கும், பூனையின் மீசையில் பஞ்சு போன்ற தூவி ஒன்று ஒட்டிக்கொண்டு அது மூச்சுவிடும்போதெல்லாம் ஆடும். வக்கீல் எழுந்து நின்று, இதற்கும் என் கட்சிக்காரருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பார். எதிர்த்தரப்பு பதில் பேசுவதில்லை. எப்படிப் பேசும்? அது பூனையின் வயிற்றுக்குள் இருக்கிறது.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், நன்றாக விளைந்த மாதிரி ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் சங்கரன்கோவிலுக்கு வர வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அய்யாத்துரையைப் பார்க்க வேண்டும்.

அய்யாத்துரை பறவைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். கோடை பிறந்ததும் மொட்டைமாடிச் சுவரில் மண்சட்டியில் தண்ணீர் வைப்பார், வைத்ததைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார், யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணுவார், பார்க்காதவர்கள் கடைப்பக்கம் வந்தால், “என்னவே, நம்ம ஸ்டேட்டஸ் கண்ணுல படலையோ?” என்று நிறுத்திக் கேட்பார். அதே சுவரில், சட்டிக்கு ஒரு முழம் தள்ளி, பூனைக்குச் சாளைமீன் தலையும் வைப்பார். ஒரே பந்தி. அதில் சாப்பிட வருவது யார், பரிமாறப்படுவது யார் என்பதை மட்டும் அவர் கவனித்ததில்லை.

பூனையின் பெயர் கிளி. பறவைகளை அவ்வளவு நேசிக்கிற மனிதர் பூனைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்?

ஊரில் குருவிகள் குறைந்து போனதற்கு அவரிடம் ஒரே காரணம்தான் உண்டு. “டவர்தாம்வே. கதிர் பட்டு மூளை கலங்கிப் போவுது, பாவம்.” இதைக் கண் கலங்கச் சொல்லிக்கொண்டே, “ஒங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி காணுமா, மூணு போடட்டா?” என்றும் கேட்பார். அந்தச் சமயத்தில் கிளி அவருடைய மேஜைக்கடியில் படுத்து, உதட்டை நக்கிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டு ஹாலிதாவின் செம்பருத்திச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. ஒருநாள் காலையில் கூடு தரையில் கிடந்தது. ஹாலிதா நேராகச் சுவரோரம் வந்தாள்.

“அண்ணாச்சி, ரெண்டு குஞ்சும் மவுத்தாப் போச்சு. ஒங்க கிளிதான். நான் கண்ணால பாத்தேன்.”

“எதைப் பாத்திய? மொகத்தைப் பாத்தியளா?”

“வாலைப் பாத்தேன்.”

“வால் எல்லாப் பூனைக்கும் இருக்கும்லா தங்கச்சி. எங்க கிளிக்கு மூணு வேளையும் மீனும் பாலும் வைக்கோம். வயிறு நெறஞ்ச பூனை என்னத்துக்கு வேட்டைக்குப் போவா?”

“நீங்களுந்தான் மூணு வேளையும் வீட்டுல திங்கீய. பெறகு என்னத்துக்குச் சாயங்காலம் பஜ்ஜிக் கடையில நிக்கீய?”

தமக்குப் பாதகமான கேள்வி நல்ல வக்கீலின் காதில் விழுவதில்லை. அவரிடம் வாதங்கள் வரிசையாக இருக்கும். பிடித்தது எங்கள் பூனையே இல்லை. எங்கள் பூனையாக இருந்தாலும் அது பிடித்திருக்காது. பிடித்திருந்தாலும் விளையாட்டுக்குத்தான் பிடித்திருக்கும். விளையாட்டில் செத்திருந்தால் அந்தக் குருவிக்கு முன்பே உடம்பு சரியில்லை. அப்படியே கொன்றிருந்தாலும் பூனை என்றால் அப்படித்தான், இயற்கையில் நாம் தலையிடக் கூடாது. அய்யாத்துரை இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஹாலிதா செத்த குஞ்சுகளைச் செடியடியில் புதைத்துவிட்டு உள்ளே போனாள்.

இவ்வளவு நடந்த வீட்டுக்குத்தான், யார் செய்த புண்ணியமோ, ஒரு ஜோடி சிட்டுக்குருவி குடிவந்தது. கடைக்குச் செல்போன்கள் மொத்தமாக வந்த அட்டைப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, அய்யாத்துரை சன்னலுக்கு மேலே மாட்டியிருந்தார். குருவிகள் அதில் வைக்கோலும் நூலும் திணித்து, முட்டையிட்டு, மூன்று குஞ்சு பொரித்துவிட்டன. அய்யாத்துரையின் மனைவி பேச்சித்தாய்க்கு அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. சன்னல் பக்கம் மிக்ஸி போடுவதை நிறுத்தினாள். துவைத்த துணியை வேறு பக்கம் காயப்போட்டாள். மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு விளக்குமாறும் கையுமாக வாசலில் உட்கார்ந்தாள். குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதுவரை அவற்றின் உயிர் நிற்குமா என்பதுதான் அவள் கவலை.

“பெட்டிய இன்னும் கொஞ்சம் மேல மாட்டுங்களேன். கிளி சுவத்துல ஏறி ஒரு தாவு தாவுனா எட்டிரும்.”

“மேல மாட்டுனா போட்டோ எப்படி எடுக்க?”

“அப்ப கிளிய உள்ள போட்டுப் பூட்டுங்க.”

“ஏட்டி, பொம்பளப்பிள்ளைய இப்படிச் சந்தேகப்படாத. அவளுக்கு அதுங்க மேல கொள்ளப் பிரியம். நாள் முழுக்க அந்தப் பெட்டியத்தான் பாத்துக்கிட்டு இருக்கா.”

அந்தப் பிரியத்தைப் பற்றித்தான் பேச்சித்தாயும் சொல்ல வந்தாள்.

இந்த நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. காக்கிச் சட்டையில் ஓர் இளைஞர், கையில் கம்பிக் கூண்டு, தோளில் தடித்த துண்டு. வனக்காப்பாளர் பேச்சிராஜா என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கடைக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவான், கிளிக்குச் சாளைத் தலை வைக்கச் சொல்லி அய்யாத்துரை வீட்டுக்குப் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, புகார் கொடுத்திருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க வீட்டுல கிளி வளக்கீயளாமே? சாளைத் தலையப் போட்டுக் கொடுமைப்படுத்துதீயன்னு வேற சொல்லுதாவ. கிளி வளக்கது சட்டப்படி குத்தம், தெரியும்லா?”

அய்யாத்துரைக்கு வழக்கு, அபராதம், பேப்பரில் பெயர் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. பறவைப் பிரியர் என்று ஊரே பார்த்த ஸ்டேட்டஸ் எல்லாம் என்ன ஆவது?

“தம்பி, தப்பா நெனச்சிட்டிய. கிளி அந்தக் கிளி இல்ல.”

“எந்தக் கிளியா இருந்தாலும் குத்தந்தான். எங்கன இருக்கு?”

“வெளிய போயிருக்கா. பசிச்சா வருவா.”

“பறந்து போனது திரும்பி வருமா?”

“பறக்க மாட்டா. சுவரேறித்தான் வருவா.”

பேச்சிராஜாவின் முகம் மாறியது. “றெக்கைய வெட்டி விட்டுட்டியளா?”

“றெக்கையே கிடையாது தம்பி.”

“முழுசாவே எடுத்துட்டியளா?”

“ஐயோ, பொறக்கும்போதே கிடையாது. மீசைதான் இருக்கும்.”

பேச்சிராஜா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவரிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்தவர்போல, கூண்டைக் கீழே வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாலிதா எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. ரொம்ப நாளாகக் காத்திருந்தவள்.

“இருங்க, நீங்களே பாருங்க” என்று அய்யாத்துரை முற்றத்தின் நடுவில் நின்று, வாயைக் குவித்து, தம் வாழ்நாளில் அத்தனை உருக்கமாக யாரையும் கூப்பிட்டதில்லை என்னும்படி கூப்பிட்டார். “கிளி. கிளிம்மா. ஓடியா தாயி. அப்பா மானத்தைக் காப்பாத்து.”

கிளி வந்தது. சுவர்மேல் நடந்து, தண்ணீர்ச் சட்டியைச் சுற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, ஊர்வலத்தில் வருவதைப் போல வந்தது. தாம் கிளி வளர்க்கவில்லை, பூனைதான் வளர்க்கிறோம் என்பதை அய்யாத்துரை ஐயமில்லாமல் நிரூபித்துவிட்டார். பூனையின் வாயில் ஒரு சிட்டுக்குருவி இருந்தது.

கிளி கீழே குதித்து, வந்த விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையாக, குருவியைப் பேச்சிராஜாவின் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தது. பேச்சித்தாய் ஒரு பாய்ச்சலில் அவர் தோளிலிருந்த துண்டை உருவிக் குருவிமேல் போட்டாள். உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டது. உயிர் இருந்தது. அது பெட்டிக்குள்ளிருக்கும் குஞ்சுகளின் அப்பன்.

அய்யாத்துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “பாத்தியளா தம்பி. டவர் கதிர்ல மயங்கி விழுந்திருக்கும். இவ காப்பாத்திக் கொண்டாந்திருக்கா.”

“அண்ணாச்சி, கிளி இல்ல, பூனைன்னு இப்பதான் ஒத்துக்கிட்டேன். இனி பூனை இல்ல, ஆம்புலன்ஸுன்னு ஆரம்பிச்சிராதீய.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஹாலிதா சிரித்த சிரிப்பில் தவிட்டுக்குருவிகள் மரத்தைவிட்டுப் பறந்தன.

பேச்சித்தாய் துண்டை மெல்ல விலக்கினாள். குருவி ஒரு கணம் திருதிருவென்று விழித்தது. பிறகு வால் இறகுகளைத் துண்டிலேயே விட்டுவிட்டு, தள்ளாடிப் பறந்து மின்கம்பியில் போய் உட்கார்ந்தது. பேச்சித்தாய் கிளியின் பிடரியைப் பிடித்துத் தூக்கி, உள்ளறையில் விட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

“குஞ்சு பறக்குற வரைக்கும் கிளி உள்ள. தொறந்து விட்டா, அவளோட சேர்ந்து நீங்களும் வெளிய.”

பேச்சிராஜா பெட்டியைக் கழற்றி உயரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டு, காலிக் கூண்டோடு போனார்.

அடுத்த சில நாட்கள் அய்யாத்துரை தம் கட்சிக்காரரோடு உள்ளறைச் சன்னலில் உட்கார்ந்திருந்தார். வாலில்லாத குருவி புழுவைக் கவ்விக்கொண்டு பெட்டிக்கு வரும்போதெல்லாம், மடியிலிருந்த கிளியின் உடம்பு விறைத்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்றன. அது பிரியம் அல்ல என்று அவருக்கே பட்டது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

மூன்று குஞ்சுகளும் பறந்தன. பேச்சித்தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று சேமியாப் பாயசம் வைத்து, முதல் கிண்ணத்தை ஹாலிதாவுக்குச் சுவர்வழியே நீட்டினாள்.

அய்யாத்துரை கடைக்குப் போனார். “நம்ம வீட்டுக் குருவி மூணும் பறந்துட்டுவே. ஊர்ப்பூனைய நம்பவே முடியாது, கொலைகாரப் பயபுள்ளைய. நம்ம கிளிதான் சன்னலைவிட்டு அசையாம இருந்து காவல் காத்தா” என்றார். ஸ்டேட்டஸிலும் அதைத்தான் போட்டார், கிளியின் படத்தோடு.

சிரிக்கிறீர்கள். நம் வீட்டில் பூனையே இல்லையே என்ற தைரியம். நல்லது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எதையோ சொல்ல வாயெடுப்பதற்கு முன்பே, “எங்க வீட்டுலயா? இருக்காதே” என்று உங்கள் நாக்கு எழுந்து நின்றது நினைவிருக்கிறதா? அதை விடுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது காலடியில் ஏதோ மெத்தென்று வந்து உரசினால், தடவிக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. முதலில் குனிந்து அதன் வாயில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தடவுங்கள்.