டிரைவரின் கழுத்து நரம்பு

உலகமே கவிழ்ந்தாலும் லீவு நாளில் ஹால் சீலிங்குக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை என்று பஸ் டிரைவர் சபதமே எடுத்துவிட்டார். அதை மனைவியிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. விடிந்ததும் கழுத்தில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு முனக ஆரம்பித்தார்.

"என்னங்க ஆச்சு?"

"நரம்பு மாட்டிக்கிச்சும்மா. பிடரியில சுரீர்னு கிளம்பி, மண்டை மேல ஏறி, கண்ணுக்குப் பின்னாடி வந்து குத்துது. அண்ணாந்து பார்த்தா உயிரே போகுது!"

"ஐயையோ! எதனாலயாம்?"

இந்தக் கேள்விக்காகவே போனில் படித்து வைத்திருந்தார் மனுஷன். கடகடவென்று ஒப்பித்தார்.

"எலும்பு தேஞ்சா வரும். ஜவ்வு விலகினா வரும். தலையணை உசரமா இருந்தா வரும். குனிஞ்சே போன் பார்த்தா வரும்."

கடைசி இரண்டையும் விழுங்கியிருக்கலாம். மறுநிமிஷம் தலையணை போயிற்று. போன் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

"பெயிண்டா பெருசு? எனக்கு உங்க கழுத்துதான் முக்கியம். அசையாம படுங்க" என்றாள் மனைவி.

போனது போகட்டும், பெயிண்ட் தொலைந்ததே! ஹால் தரையில் மல்லாந்து படுத்து, அழுக்குச் சீலிங்கைப் பார்த்துத் திருட்டுச் சிரிப்பு சிரித்தார்.

சற்று நேரத்தில் வாசலில் ஒரு வேன் உறுமியது. பக்கத்து வீட்டுத் தம்பி ரிவர்ஸ் எடுக்கிறான். வழி சொல்வது யார்? மனைவி!

"வாங்க தம்பி, வாங்க, அப்படியே வாங்க..."

"அண்ணி, சுவரு!"

"சுவரு எங்கயும் போகாது, நீங்க வாங்க!"

டிரைவர் பல்லைக் கடித்தார். காதைப் பொத்தினார். ஸ்டியரிங் பிடித்த கையாயிற்றே, எத்தனை நேரம் தாங்கும்? துண்டை வீசிவிட்டுப் பாய்ந்தார்.

"டேய், ஸ்டியரிங்க ஒடிடா! ரைட்ல ஒடி! அந்தப் பக்கம் தூண் இருக்கு, கண்ணு தெரியல?"

இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறார், மேலே கரண்ட் கம்பியை அண்ணாந்து பார்க்கிறார். தலை பம்பரமாய்ச் சுற்றுகிறது.

"வா, வா, வா... போதும்!"

சுவருக்கு நகக்கண் அளவு இடைவெளியில் வேன் நின்றது. டிரைவர் பெருமையாக வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். மனைவி அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பர்ணே! நான் கோணலா எடுத்தா நீங்களே எந்திரிச்சு ஓடி வருவீங்கன்னு அண்ணி அடிச்சுச் சொன்னாங்க" என்று இளித்தான் தம்பி.

டிரைவருக்கு நிஜமாகவே பிடரியில் சுரீரென்றது.

"நல்லா வழி சொன்னீங்க" என்றாள் மனைவி. "வேனுக்குள்ள சீலிங்குக்கு ஏணி இருக்கு, அதையும் இறக்கிடுங்க."