அனுபவம் கேட்டார்கள், பலாப்பழம் அனுப்பினோம்

மாப்பிள்ளை சின்னராசு அவர்களுக்கு, கொல்லிமலை திருப்புலி நாட்டிலிருந்து மச்சான் அர்த்தனாரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா பாப்பாத்தியும் இரண்டு ஆடுகளும் சௌக்கியம். மிளகுக் கொடி போன வருஷத்தைவிடச் சௌக்கியம். உங்கள் மருமகள் யமுனாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அனுபவம் ஒன்றுதான் இல்லை. நாமக்கல்லில் நீங்களும், உங்கள் லாரி ஆபீசும், ஓடுகிற லாரிகளும், ஓடாமல் நிற்கிற லாரிகளும் நலமாக இருக்க அறப்பளீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே பேசலாம். ஆனால் நான் "ஒரு உதவி" என்று ஆரம்பித்தவுடன் உங்கள் பக்கம் டவர் போய்விடுகிறது. கடிதத்துக்கு டவர் தேவையில்லை.

யமுனா பி.காம். முடித்ததும் முதலில் உங்கள் ஆபீசுக்குத்தான் அனுப்பினேன். "நம்ம ஆபீஸ்ல அனுபவம் இல்லாதவங்கள எடுக்கறதில்ல கண்ணு. ஒரு வருசம் எங்கயாச்சும் வேல பாத்துட்டு வா, மாமன் எடுத்துக்கறேன்" என்று அன்பாகச் சொல்லி, டீயும் வாங்கிக்கொடுத்து அனுப்பினீர்கள். நியாயமான பேச்சு. நீங்கள் முதன்முதலாக லாரி ஸ்டியரிங்கைப் பிடித்த நாளை நான் இங்கே நினைவுபடுத்த மாட்டேன். அடிவாரத்துப் புளியமரம் அதை மறக்கவில்லை. அந்தப் பக்கம் இன்னும் பட்டை வளரவில்லை.

பிறகு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நம் மலையில் யார் ஊட்டுக்காவது வெறுங்கையோடு போகிற வழக்கம் உண்டா? சண்டைக்குப் போனாலும் கொண்டுபோன பழத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்போம். ஆகவே உங்கள் அக்கா தோட்டத்தில் தட்டித் தட்டிப் பார்த்து, மறுநாள் பழுக்கும் பலாவாக ஒன்றைச் சாக்கில் கட்டினாள். "இன்டர்வியூக்கு யாரும் பலாப்பழம் கொண்டுபோக மாட்டாங்கம்மா" என்றாள் யமுனா. "அதனாலதான் யாருக்கும் வேல கெடைக்க மாட்டேங்குது" என்றாள் உங்கள் அக்கா. எழுபது கொண்டை ஊசி வளைவும் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள் பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீழ்நாட்டுக்காரர் ஜன்னல் சீட்டை இரண்டு தரம் உபயோகித்துக்கொண்டாராம். அங்கே மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. "முன் அனுபவம் இருக்கா?" "இல்லீங்க சார்." "அனுபவம் இல்லாம எப்படிம்மா எடுக்கறது?" "எடுத்தாத்தானுங்க சார் அனுபவம் வரும்." "அது வாஸ்தவம்தான். மொதல்ல வேற எங்கயாச்சும் வாங்கிட்டு வந்துரு" என்றாராம், ஏதோ அது பக்கத்து மளிகைக்கடையில் பொட்டலம் கட்டி விற்கிற மாதிரி. பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. நான் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவன் ஓடி வந்தேன். வேலை அல்ல. பழம் அருமையாக இருந்ததாம். இன்னும் இரண்டு வேண்டுமாம்.

அடுத்தது ஒரு முட்டைக் கம்பெனி. ஏசி ரூமில் வைத்த பழம் அங்கேயே பழுத்து, வாசனை பக்கத்து ரூமுக்கும் மாடிக்கும் போய் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டது. பேட்டி எடுக்க வேண்டியவர் கேள்வியை மறந்து, "இத எப்படிம்மா அறுக்கறது?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை தேங்காய் எண்ணெயும் கத்தியும் கேட்டு வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒரு பிசுக்கு ஒட்டாமல் சுளை எடுத்து ஆபீசுக்கே கொடுத்திருக்கிறாள். "இவ்ளோ சுத்தமா எப்படிம்மா?" "அனுபவந்தானுங்க சார்." "அது இதுல சேராது" என்று சொல்லி, இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டு, அனுபவம் என்ற இடத்தில் பெரிய சுழியாகப் போட்டாராம். காகிதம் விரலோடு ஒட்டிக்கொண்டு, விட மாட்டேன் என்றதாம்.

மூன்றாவது ஒரு பைனான்ஸ் ஆபீஸ். அங்கே இருந்த அதிகாரி நேர்மையானவர். பழத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று, "லஞ்சமா? இந்த வயசுலயே லஞ்சமா?" என்று ஆரம்பித்து, நாடு எப்படிக் கெட்டுப் போகிறது என்பதை விளக்கி, இவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவர் வெளியே வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, "கொல்லிமலைப் பழமா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். "ஆமாங்க சார்." கார் டிக்கி திறந்ததாம். வேலைக்கதவு திறக்கவில்லை.

ஆக மாப்பிள்ளை, போன இடத்திலெல்லாம் பழம் செலக்ட் ஆகிவிட்டது, பிள்ளை ஆகவில்லை. நான் சிரித்தபடி இதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "என்னப் பாக்கறதுக்கு முன்னாடி பழத்தப் பாத்தர்றாங்கப்பா. அப்பறம் என்ன எங்க பாக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சர்டிபிகேட் பையைப் பரண்மேல் போட்டுவிட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. படிக்க வைத்தது நான். பழத்தைக் கட்டச் சொல்லித் தலையாட்டியதும் நான்.

அதோடு விட்டதா? ஜவுளிக்கடைக்காரர் தன் மச்சினனுக்குச் சொல்ல, முட்டைக் கம்பெனிக்காரர் தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட, இப்போது விடிந்தால் போன். "யமுனா, எனக்கு ஒண்ணு", "யமுனா, போன தடவ மாதிரியே தேன் பழமா ஒண்ணு." உங்கள் அக்கா தட்டிப் பார்த்துப் பொறுக்குகிறாள். இவள் சாக்கில் பேர் எழுதி, சோளக்காடு பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், எந்தப் பழம் எந்த பஸ், எந்த சீட்டுக்கு அடியில், யார் எங்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கண்டக்டர் ரமேஷ்குமாரிடம் ஒப்பித்து ஏற்றி விடுகிறாள். கண்டக்டர்களே இவளிடம்தான் எந்த பஸ் லேட் என்று கேட்கிறார்கள். பழம் காயாக இருக்கிறது என்று யாராவது கத்தினால், "நாலு நாள் சாக்குல சுத்தி வைங்கன்னு அன்னைக்கே சொன்னேனுங்களே சார், நீங்க ரெண்டாம் நாளே கத்திய எடுத்துட்டீங்க" என்று சொல்லி, கத்தியவரையே மன்னிப்புக் கேட்க வைக்கிறாள். நான் தலையிலடித்துக்கொள்கிறேன். இப்படி நாள் பூராவும் போனும் பஸ்சுமாக அலைந்தால் பிள்ளை எப்போது வேலை தேடுவது? "சும்மா பழம் ஏத்தி உட்டுட்டுத் திரியாத சாமி, வேல வெட்டியப் பாரு" என்றால், "ஒரு நிமிசம் இருங்கப்பா, லைன்ல ஆள் இருக்காங்க" என்கிறாள். உருப்படுமா இது?

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நீங்கள் பெரிய மனசு வைத்து, உங்கள் ஆபீஸ் லெட்டர்பேடில், "யமுனா எங்களிடம் சரக்கு அனுப்பும் பிரிவில் ஒரு வருஷம் சிறப்பாகப் பணியாற்றினார்" என்று எழுதி, சீல் குத்தி, இந்தக் கடிதம் கொண்டுவரும் கண்டக்டரிடமே கொடுத்து அனுப்பவும். மாமன் மருமகளுக்குச் செய்யாமல் யார் செய்வார்? இதை நேற்று யமுனாவிடம் சொன்னேன். "மாமா ஆபீஸ்ல என்ன வேல பாத்தேன்னு கேட்டா என்னத்தச் சொல்றது?" என்றாள். "கணக்கு பாத்தேன்னு சொல்லு." "அங்க யாருமே கணக்கு பாக்கறதில்லீங்கப்பா. அன்னைக்கு டீ குடிக்கறப்ப நான்தான் பாத்துட்டு இருந்தேனே. பொய் அனுபவமும் வேண்டாம், பழமும் வேண்டாம். இந்தத் தடவ நான் மட்டும் போறேன்." அப்படியே இன்று விடிகாலை பஸ்சில், நாமக்கல்லில் ஒரு பார்சல் கம்பெனிக்கு, வெறுங்கையை வீசிக்கொண்டு போயிருக்கிறாள். உங்கள் அக்கா சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தாள். இதுவும் இல்லையென்றால் இனி பையைப் பரணிலிருந்து எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வெறுங்கையோடு போன காரியம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? ஆகவே சான்றிதழைத் தாமதிக்க வேண்டாம். தங்களிடமும் வெறுங்கையோடு கேட்கக் கூடாது என்பதால் இத்துடன் பழம் ஒன்று வருகிறது.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. உங்கள் தொழில் பலாவேர் மாதிரி ஆழமாகப் பிடித்து, பலாப்பழம் மாதிரி அடியிலிருந்தே காய்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அர்த்தனாரி

பின்குறிப்பு: சோளக்காட்டில் பஸ்சுக்கு நின்றுகொண்டு, பழச்சாக்கின்மேல் வைத்து இதை எழுதுகிறேன். யமுனா இப்போதுதான் போன் பண்ணினாள். பார்சல் கம்பெனி மேனேஜர் பானுமதி அம்மாவும் அதே கேள்விதான் கேட்டாராம். இவளும் "இல்லீங்க மேடம்" என்று சொல்லி எழுந்திருக்கப் போனாளாம். அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் அடித்திருக்கிறது. நம் ஜவுளிக்கடை மேனேஜர்தான். "என் பழம் வரல!" என்று அவர் கத்தியது ரூம் முழுக்கக் கேட்டிருக்கிறது. "நீங்க பஸ் ஸ்டாண்டு முன்கேட்டுல நிக்கறீங்க சார், மலை பஸ் பின்னாடி நிக்கும். டிரைவருக்குப் பின்சீட்டு, பச்சைச் சாக்கு, உங்க பேர் போட்டிருக்கும். வழியில டயர் மாத்துனாங்க, இப்ப உள்ள வந்திருக்கும், திரும்பிப் பாருங்க" என்றிருக்கிறாள். திரும்பிப் பார்த்தவர் "வந்துருச்சும்மா" என்று குழந்தை மாதிரி சொன்னாராம். அந்த அம்மா, "நீதான் அந்தப் பலாப்பழப் பொண்ணா? எங்க வண்டில ரெண்டு நாள் ஆகற எடத்துக்கு உன் சாக்கு சாயங்காலமே போயிருதாமே" என்று கேட்டு, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். சரக்கு அனுப்பும் பிரிவாம். உங்களுக்கு அடுத்தபடியாக அவளை வேலையில் சேர்க்காமல் விட்ட ஆள் போன் பண்ணி வேலை வாங்கிக் கொடுத்துவிட்டார் மாப்பிள்ளை.

ஆகவே மேலே எழுதியது எதுவும் வேண்டாம். கிழித்துப் போட மனசு வரவில்லை. இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. ஒன்று மட்டும். ஆடி முடியும்வரை பழம் வந்துகொண்டிருக்கும், போனும் வந்துகொண்டிருக்கும். "நீ போனப்பறம் இத நான் பாத்துக்கறேன் சாமி" என்று சொன்னேன். "உங்களுக்கு இதுல அனுபவம் இருக்காப்பா?" என்று கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள். உங்கள் அக்காவை எடுத்துக்கொண்டாள். என்னை வெயிட்டிங்கில் வைத்திருக்கிறாள். எனவே தயவுசெய்து அந்தச் சான்றிதழை நிறுத்த வேண்டாம். ஒரு வருஷம், சரக்கு அனுப்பும் பிரிவு, சிறப்பான பணி, எல்லாம் அப்படியே இருக்கட்டும். பெயரை மட்டும் அர்த்தனாரி என்று மாற்றிப் போட்டு, சீல் கொஞ்சம் அழுத்திக் குத்தி அனுப்பவும்.