ஞாயிறு டொக்டரின் கடைசி வரி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மல்கிரேவில் ஞாயிறு டொக்டரிடம் ஏச்சு வாங்காத தமிழ்க் குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது.

எங்கள் குடும்ப டொக்டர் சனி மத்தியானம் கிளினிக்கைப் பூட்டினால் திங்கள்தான் திறப்பார். இடையில் போன் அடித்தால், அவருக்குப் பதிலாக வீட்டுக்கு வருகிறவர்தான் ஞாயிறு டொக்டர். சொந்தப் பெயரை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

வந்ததும் நோயாளியைப் பார்க்கமாட்டார். நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடிகளைத் திறப்பார். "நோய் வருத்தம் இஞ்சதான் தொடங்குது" என்பார். பிரஷர் கூடிய பக்கத்து வீட்டு அங்கிளின் கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு காரில் ஏற்றிக்கொண்டு போனார். சட்டி மட்டும் கழுவித் திரும்பி வந்தது.

"குழம்பு எங்க டொக்டர்?"

"எனக்குப் பிரஷர் இல்லை."

போன வருடம் ஒரு ஞாயிறு காலை, புல் வெட்டிய என் கணவர் தோள் நோகுது என்று படுத்துவிட்டார். வலிக்கு ஒரு குளிசை எழுதித் தருவார் என்றுதான் டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் வழக்கம்போலக் குசினிப் பக்கம் திரும்பியவர், இவருடைய வேர்த்த முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"எந்தத் தோள்?"

"இடது."

"ஒற்றைக் கையாலயோ மெஷினைத் தள்ளினனீர்?"

இவர் பதில் சொல்வதற்குள் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அம்புலன்சுக்கு அடியும்."

"தோள் நோவுக்கு அம்புலன்ஸோ? சனம் சிரிக்கும் டொக்டர்" என்றார் இவர்.

"சிரிக்கட்டும். நீர் உயிரோட இருந்து பாரும்."

அஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு, ஒன்றைச் சப்பக் கொடுத்தார். பிறகு சப்பாத்துக் காலோடு தரையில் இருந்துகொண்டு, இவருடைய கையைப் பிடித்தபடி கிரிக்கெட் கதைத்தார். அம்புலன்சுக்கு அடித்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்த என்னிடம், "இவர் குடிக்கிற மருந்தெல்லாம் எழுதித் தாரும்" என்றார். இவர் குடிப்பது ஒரே ஒரு விற்றமின். என் கைக்கு வேலை கொடுக்கத்தான் கேட்டார் என்பது பிறகுதான் விளங்கியது.

இருதயக் குழாயில் அடைப்பு. அன்றே ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இவர் பிழைத்தார்.

அடுத்த கிழமை குடும்ப டொக்டரிடம் போனோம். வீட்டுக்கு வந்து பார்க்கிற டொக்டர் குடும்ப டொக்டருக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டுமாம். ஞாயிறு டொக்டர் அனுப்பியதை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். துடிப்பு, பிரஷர், கொடுத்த மருந்து. கடைசியில் தனியாக ஒரு வரி:

'மனைவி மிகவும் பயந்துபோனார். அவரையும் ஒருமுறை பார்க்கவும்.'

அந்தக் குறிப்பில் எனக்கும் ஒரு கொப்பி வேண்டும் என்று கேட்டேன்.