முள்ளை வழித்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போன முள்ளம்பன்றி

ஒரு காட்டில் உலகப்பன் என்றொரு முள்ளம்பன்றி வேலைவெட்டி இல்லாமல் இருந்தான். எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாள் பெண்டாட்டி? பவளக்கொடி ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த மாசத்துக்குள்ள வேலை கிடைக்கலேன்னா எங்கம்மா வளைக்கே குடிபோயிடுவோம். நீங்க வீட்டோட மாப்பிள்ளை!"

உலகப்பன் அன்றைக்கே வேலை தேடக் கிளம்பிவிட்டான். மாமியாருக்கு முதுகிலும் முள், நாக்கிலும் முள்.

அந்தச் சமயம் பார்த்து, சிங்கத்தின் குகைக்குக் காவலாளி தேவை என்று ஆலமரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். உலகப்பன் மூன்று பிரதி விண்ணப்பம் எழுதி, ஆந்தை அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி (பகலெல்லாம் தூங்குகிற அதிகாரி, அலைந்த அலைச்சல் தனிக்கதை) அனுப்ப, இன்டர்வியூவுக்கும் அழைப்பு வந்துவிட்டது.

"காவலுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா!" என்று பூரித்துப்போனாள் பவளக்கொடி. அதோடு நின்றிருக்கக் கூடாதா? "எதுக்கும் கொஞ்சம் டீசண்டா போங்க" என்றும் சொல்லித் தொலைத்தாள்.

கோதண்டம் என்கிற குரங்கு 'இன்டர்வியூ அலங்கார நிலையம்' நடத்திவந்தான். உலகப்பனை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன வேலைக்குண்ணே?"

"காவலாளி, தம்பி."

"இப்படிப் பரட்டையாப் போனா வாசல்லயே விரட்டிடுவாங்க. பெரிய மனுசங்க உட்கார்ந்திருக்கிற இடம். ஒரு முள்ளு தெரியக் கூடாது."

"ஒண்ணு ரெண்டாவது விட்டு வைக்கலாமே?"

"ஏண்ணே, உங்களுக்கு வேலை வேணுமா, முள்ளு வேணுமா?"

கேட்டானே ஒரு கேள்வி! உலகப்பன் முதுகைக் காட்டினான். கோதண்டம் ஒன்று விடாமல் வழித்து, பவுடரை அப்பி, வாழைநாரில் டை கட்டிவிட்டான். கண்ணாடியில் பார்த்தால் சாட்சாத் உரித்த சேப்பங்கிழங்கு. உலகப்பனுக்கோ ஒரே பெருமை.

குகைக்குள் சிங்கமும் யானையும் கரடியும் ஃபைல்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"திருடன் வந்தா என்ன செய்வீர்?" என்றது சிங்கம்.

"இதோ பாருங்கய்யா!" உலகப்பன் திரும்பி நின்று, மூச்சைப் பிடித்து, உடம்பை ஒரு உதறு உதறினான். பவுடர்தான் பறந்தது. யானை தும்மிய தும்மலில் ஃபைலெல்லாம் குகைக்கு வெளியே ஓடிய ஆற்றில் போய் விழுந்தது.

"அடுத்த ஆள்!" என்று கர்ஜித்தது சிங்கம்.

அடுத்த ஆள் யார் என்கிறீர்கள்? கோதண்டமேதான்! வழித்த முள்ளையெல்லாம் பசை போட்டு முதுகில் ஒட்டிக்கொண்டு, கிலுகிலுவென்று ஆட்டியபடி வந்தான். கரடி பயந்துபோய் நாற்காலி மேல் ஏறிக்கொண்டது. அங்கேயே வேலைக்கு உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"அடப்பாவி, அது என் முள்ளுடா!" என்று அலறினான் உலகப்பன்.

"நீங்கதானேண்ணே வேணாம்னு விட்டுட்டுப் போனீங்க?" என்றான் கோதண்டம், குகை வாசலில் நின்று விறைப்பாக.

பாவம், உலகப்பன் அழுதுகொண்டே திரும்பினான். பவளக்கொடி முகத்தில் எப்படி விழிப்பது? வழியில் அலங்கார நிலையம் ஆளில்லாமல் திறந்து கிடந்தது. கால் வலித்தது, உள்ளே போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் ஒரு ஆண் மயில் எட்டிப் பார்த்தது.

"கடைக்காரரே, நடனக் குழுவில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்கு இன்டர்வியூ. எப்படிப் போகணும்?"

உலகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மயிலின் தோகையை ஒரு தரம் பார்த்தான். பிறகு கத்திரிக்கோலைத் தேடி எடுத்தான்.

"உட்காருங்க தம்பி" என்றான்.

நீதி: இன்டர்வியூவுக்குப் போகிறவருக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும், எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறவருக்குக் கட்டாயம் கிடைக்கும்.