மிதந்தால் நல்ல கம்பெனி

சேரப்பணஞ்சேரிக்குப் போகிற வழியில் ஒரு பழைய கன்டெய்னர் நிற்கிறது. ஒரு காலத்தில் கார் உதிரிபாகங்களைச் சுமந்து கப்பலேறிய கன்டெய்னர். இப்போது அதற்குள் ஏ.சி. போட்டு, வாசலில் மாவிலை கட்டி, பாண்டுரங்க சாமி உட்கார்ந்திருக்கிறார்.

வேலைக்குப் பொருத்தம் பார்க்கிற சாமி. எந்தக் கம்பெனி நிலைக்கும், எந்தக் கம்பெனி ஆளை முழுங்கும் என்று அவருடைய எலுமிச்சம்பழம் சொல்லிவிடுமாம். ஆஃபர் லெட்டரை மூடிய கவரில் வைத்துக் கொடுத்தால் போதும். சாமி கண்ணை மூடி, கவர்மேல் பழத்தை வைத்து ஏதோ முணுமுணுப்பார். பிறகு பழத்தைப் பித்தளை அண்டாத் தண்ணீரில் போடுவார்.

"மெதந்தா மகாலட்சுமி, முழுகினா மூதேவி. அடுத்த ஆளு வா."

பஞ்சாங்கம் வேண்டாம், ஜாதகம் வேண்டாம். நாடு எவ்வளவு முன்னேறிவிட்டது, பாருங்கள். சனிக்கிழமையானால் ஷிஃப்ட் பஸ்ஸே அங்கே நின்றுதான் போகும். ரோபோவுக்கு புரோகிராம் எழுதுகிற பையன்கூட, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பான்.

அந்த வரிசையில் ஒரு சனிக்கிழமை சுகப்பிரியாவும் நின்றாள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். விரல் நசுங்கி வருகிறவனுக்குக் கட்டுப்போடுவாள். வயிற்றுவலி என்று படுக்க வருகிறவனை, ஒரு பார்வையிலேயே லைனுக்குத் திருப்பி அனுப்புவாள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரிதான். மூன்று வயது மகள் மட்டும் சாத்தான்குளத்தில் மாமியாரிடம் இருந்தாள். போனில் "அம்மா" என்று கூப்பிடச் சொன்னால், குழந்தை மாமியாரைப் பார்த்தது. அன்றைக்கு சுகப்பிரியா அழுதுவிட்டாள். வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை கிடைத்தால் பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

அப்படி ஒரு வேலை இருக்கத்தான் செய்தது. அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், அவர் படுத்தது அவசியந்தானா, இன்ஷூரன்ஸ் பணம் தரலாமா என்று இங்கேயிருந்து ஃபைலைப் படித்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் அளவு எங்கே, ரத்தப் பரிசோதனை எங்கே, டாக்டர் எழுதினது எங்கே? ஆதாரம் இல்லையென்றால் ஒரு நாள் கட்டில்கூடக் கிடையாது. அந்த வேலைக்கு இரண்டு கம்பெனிகள் அவளைக் கூப்பிட்டிருந்தன. தெளிகேர் என்று ஒன்று, வெல்விங்கோ என்று ஒன்று. எது நல்லது?

ஆதாரம் கேட்கிற வேலைக்குப் போகப் போகிறவள் அதைக் கேட்டது எலுமிச்சம்பழத்திடம்.

தெளிகேர் முழுகியது. வெல்விங்கோ மிதந்தது. உடனே சாமி கையை நீட்டினார். "ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை இங்க வெச்சிட்டுப் போ. பூஜை பண்ணித் தரேன், கம்பெனிக்காரரே வந்து வாங்கிக்கினு பூடுவாரு." நர்ஸிங் பட்டம், கவுன்சில் பதிவு, பத்தாவது மார்க்ஷீட் முதற்கொண்டு மொத்தத்தையும் தட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

ஹாஸ்டல் அறையில் கூட இருந்த சந்திரலேகாவிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். சந்திரலேகா ஒரு வருஷமாக அதே ரகத்து வேலையை வேறொரு கம்பெனிக்குப் பார்க்கிறவள். கட்டிலில் சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, ஒரிஜினலையா கொடுத்த? அது அந்தக் கம்பெனிக்காரன் கைக்குப் போச்சுன்னா நீ வேற எங்கயும் போக முடியாதுட்டி. ராத்திரி பகலா வேலை வாங்குவான், லீவு கேட்டா சர்ட்டிபிகேட்டக் காட்டுவான்."

"பழம் மிதந்துச்சுல்லா."

"பழத்துக்கா நாளைக்கு டூட்டி போடுதாவ? உனக்குல்லா."

இருவரும் சர்ட்டிபிகேட் ஃபைலைத் திருப்பிக் கேட்கப் போனார்கள். டோக்கன் கொடுக்கிற கனகம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிக்கு வெச்சதை இன்னாமா திருப்பிக் கேக்குற? தோஷம். நாளைக்கு கம்பெனிக்காரங்களே வந்து எடுத்துக்கினு போவாங்க."

சந்திரலேகா சண்டை போடவில்லை. கனகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகம் வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து, "எந்தக் கம்பெனிம்மா?" என்று அன்பாக விசாரிக்கிறாள். பிறகு இரண்டு கூடைகளில் ஏதோ ஒன்றிலிருந்து பழம் எடுத்து உள்ளே அனுப்புகிறாள். ஒரு பழத்துக்கு எதற்கு இரண்டு கூடை?

"எங்க ஆபீஸ்ல மாசாமாசம் ஒரு வேலை பண்ணுவாவ" என்றாள் சந்திரலேகா. "ஒரே ஃபைல, நோயாளி பேர மட்டும் மாத்தி ரெண்டு தடவை கொடுப்பாவ. பதில் மாறிச்சுன்னா படிக்காம அடிச்சு விட்டிருக்கோம்னு அர்த்தம். சாமிக்கும் அதையே வைப்போமா?"

சுகப்பிரியாவுக்கு உள்ளூரப் பயம்தான். தோஷம் பிள்ளைமேல் வந்துவிட்டால்? ஆனால் ஃபைல் அங்கே இருக்கிறதே. கைப்பையில் கிடந்த ஒரு காகிதத்தைக் கவரில் போட்டு ஒட்டினாள். வரிசையில் பின்னால் நின்ற சிவசங்கரிடம் கவரின் பின்பக்கம் ஒரு கையெழுத்துக் கேட்டாள். பேரிங் பொருத்துகிற லைனில் வேலை செய்கிறவர் அவர். "கவர் மாறிடக் கூடாதுண்ணே" என்றதும் நல்ல மனுஷன் போட்டுக்கொடுத்தார்.

முதலில் சுகப்பிரியா போனாள். கனகத்திடம் தெளிகேர் என்றாள். சாமி கவரை மோந்தார்.

"ரத்த வாடை அடிக்குது. ஆறு மாசத்துல ஊத்தி மூடிடுவான்."

பழம் கல்லைப்போல முழுகியது.

வெளியே வந்து அதே கவரைச் சந்திரலேகாவிடம் கொடுத்தாள். சந்திரலேகா கனகத்திடம் வெல்விங்கோ என்றாள். சாமி மறுபடி மோந்தார்.

"ஆஹா, பால் வாடை. பத்து வருசத்துக்கு அசைக்க முடியாது."

பழம் தக்கையாய் மிதந்தது.

"அப்போ சித்த முந்தி ரத்த வாடை அடிச்சது இதே கவர்தானே சாமி?" என்று சந்திரலேகா கேட்டாள்.

வரிசை முழுக்க வாசலில் எட்டிப் பார்த்தது. சிவசங்கர் கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "என் கையெழுத்துதாங்க. ஒரே கவருதான்." அவரே பிரித்தார். உள்ளே ஆஃபர் லெட்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தொழிற்சாலை முதலுதவி அறையின் டெங்கு நோட்டீஸ். பெரிய கொசுப் படம் போட்டு, தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. சாமியின் அண்டாவோ திறந்தே இருந்தது.

கூட்டம் சிரித்துவிட்டது. சாமி சளைக்கவில்லை. "சந்தேகப்பட்டா பழம் கோச்சிக்கும்" என்றார்.

சுகப்பிரியாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. ஒரு வாரமாகப் பயந்த பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. கையை முழங்கைவரை அண்டாவில் விட்டு, முழுகின பழத்தை எடுத்தாள். காம்புப் பக்கம் மஞ்சள் குழைத்து அடைத்த ஓட்டை. பிழிந்தாள். டிங் என்று பித்தளைத் தட்டில் ஒரு இரும்புக் குண்டு விழுந்து உருண்டது.

சிவசங்கர் குனிந்து எடுத்தார். "இது எங்க லைன்ல கீழ கொட்டிக் கெடக்கிற பேரிங் குண்டாச்சே. அதான் கம்பெனிய பத்தி சாமிக்கு இவ்ளோ தெரியுதா?"

மற்றவர்கள் கனகத்தின் கூடைகளைப் பிழிந்து பார்த்தார்கள். ஒரு கூடையில் வெறும் சாறு, மற்றக் கூடையில் குண்டு. யார் சாமிக்குக் கப்பம் கட்டினாரோ அவருடைய கம்பெனிக்குச் சாறுக் கூடை. சாமி கண்ணை மூடி, இன்று முதல் மௌன விரதம் என்று சைகை காட்டினார். விரதத்தை யாரும் கலைக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவை மட்டும் திறந்தார்கள். பதினைந்து இருபது நர்ஸுகளின் ஃபைல்கள். சுகப்பிரியா தன்னுடையதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அங்கேயே நின்று தெளிகேருக்குப் போன் போட்டாள். யார் பயிற்சி கொடுப்பார்கள், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஃபைல், நோயாளிக்குப் படுக்கை தேவைதான் என்று நான் எழுதினால் மாற்று என்று யாராவது நெருக்குவார்களா, ஒரிஜினலைக் கேட்பீர்களா? அந்தப் பக்கத்து அம்மாள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அங்கே வேலை செய்கிற இரண்டு பேருடைய நம்பரையும் கேட்காமலே கொடுத்தாள். அவர்களிடமும் விசாரித்த பிறகுதான் சுகப்பிரியா சரி என்றாள். அடுத்த மாதம் மகள் வருகிறாள்.

கூட்டம் கலைந்தது. சிவசங்கர் மட்டும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, இவன் டுபாக்கூரு, சரி. குன்றத்தூர் பக்கம் ஒருத்தர் தேங்கா உருட்டிப் பாக்கறாராமே, அவர் எப்டி?"

சுகப்பிரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தேங்காய வீட்டுல சட்னிக்குக் கொடுங்கண்ணே. கேக்க வேண்டியத கம்பெனிக்காரன்கிட்ட கேளுங்க."

உருட்டுவதற்குத் தேங்காய் ஊரெல்லாம் கிடைக்கும், ஐயா. தோள்மேல் ஒன்று இருக்கிறதே, அதை உருட்டக் கொடுக்காதீர்கள்.